மாப்பிள்ளை இல்லாத கல்யாண நாடகம்

1

ஃபிஜித் தீவில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் தமிழ் நாடக ஆசிரியராக இருந்தவன். என் மாணவர்கள் இன்று சிட்னி, ஆக்லாந்து, பிரிஸ்பேன், வான்கூவர் என்று உலகம் பூராவும் பரவி இருக்கிறார்கள்.

பரவி இருக்கிறார்கள் என்பது மட்டும் நிஜம். மற்றதெல்லாம் புளுகு. நான் அதே ஃபிஜியில் லம்பாசா என்ற ஊரில் ஒரு முருகன் கோவிலில் சமையல்காரன். செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். அதுவும் மத்தியான மணி அடித்த பிறகு, தட்டோடு. அ, ஆ வரைக்கும் எனக்கும் எழுத்துக்கும் நல்ல பழக்கம். அதற்குமேல் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்துகொள்வதில்லை. இதை எழுதுகிறவர் எங்கள் கோவில் குருக்கள், தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். இதில் இலக்கணம் தென்பட்டால் அது அவருடையது. பொய் தென்பட்டால் என்னுடையது.

இந்தப் பேச்சு கிளம்பியதற்குக் காரணம், போன வாரம் மடப்பள்ளி வாசலில் வந்து நின்ற ஒரு டீச்சரம்மா. சின்ன வயசு. பள்ளிக்கூடத்துக்கு ஆண்டு விழா வருகிறதாம். பாடத்துக்கு வெளியே பிள்ளைகள் என்னென்ன செய்தார்கள் என்று பழைய ஆட்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கப் போகிறார்களாம்.

"அங்கிள், நீங்க அந்தக் காலத்துல டிராமா மாஸ்டராமே?" என்று இந்தியில் கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன், யோசிக்காமல். கையில் கரண்டி இருந்தது. அதைக் கொஞ்சம் பிரம்பு மாதிரி பிடித்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் போன பிறகு குருக்கள் சிரித்தார். "மாமா, மேடையில ஏறி என்ன பேசுவேள்?"

"அதத்தான் யோசிக்கிறேன். மொதல்ல நம்ம ஊர்ப்பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு தடவை சொல்லிப் பாக்குறேன். நீ எழுது."

2

இந்த ஊரை ஒரு வார்த்தையில் சொல்ல வேண்டுமென்றால், கரும்பு. ஆலை ஓடும் மாதங்களில் காற்றே வெல்லப்பாகு வாசனை அடிக்கும். மதராஸ் பக்கத்திலிருந்து கூலிக்குக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட நம்மவர்களின் வம்சம்தான் சுற்றிலும். பேர் கவுண்டன், நாயக்கர், முதலியார் என்று இருக்கும். வாயைத் திறந்தால் இந்தி வரும். தமிழ் பெரிசுகளிடமும் சாமியிடமும்தான் மிச்சம்.

நான் இங்கே வந்தது கும்பாபிஷேகத்துச் சமையலுக்கு, இன்னொரு சமையல்காரரின் கையாளாக. அவர் திரும்பிப் போனார். நான் லட்சுமியைப் பார்த்துவிட்டேன். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். சூடு எண்ணெய் கொட்டிய கையோடு நான் போய் நின்றேன். கட்டுப் போட்டாள். அவிழ்க்கவே இல்லை. கல்யாணமான புதிதில் அவள் என்னை எதற்கெடுத்தாலும் "சுனோ, சுனோ" என்று கூப்பிடுவாள். எனக்கு ஏதோ செல்லப் பெயர் வைத்திருக்கிறாள் என்று ரொம்ப நாள் பூரித்துக்கொண்டிருந்தேன். இந்தியில் அதற்கு 'கேளு' என்று அர்த்தமாம்.

எங்கள் மகள் கோகிலா படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. பையன்கள் பந்து உதைப்பார்கள். பின்பக்கத் தோட்டத்தில் சிலர் சேப்பங்கிழங்கு நடுவார்கள். ஃபிஜியப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கைதட்டி மேக்கே ஆட்டம் பழகுவார்கள். ஒருத்தருடைய அப்பா வந்து தபேலா தட்டுவார். தையல் உண்டு. பாட்டு உண்டு. எதில் சேருவது என்பது பிள்ளையின் இஷ்டம்.

என் பள்ளிக்கூடத்திலும் வகுப்புக்கு வெளியே நிறைய உண்டு. வகுப்புக்கு வெளியே முட்டி போடுவது, பெரிய வாத்தியாரின் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அவர் வீட்டுக் கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டால் துரத்திப் பிடிப்பது. இந்த மூன்றிலும் நான் முதல் மாணவன்.

இங்கே தலைமையாசிரியை கமலா டீச்சர் ஒரு நாள் பிரசாதம் வாங்க வந்தவர், தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"மாமா, ஒனக்கு தமிழ் நல்லா தெரியும் இல்ல?"

"பேசத் தெரியும் டீச்சர். நிறுத்தத்தான் தெரியாது."

"அது போதும். வெள்ளிக்கிழமை வா. தமிழ் இஸ்கூல்னு நம்ம ஆளுங்க கட்டினது. இப்ப தமிழ் சுவத்துல மட்டும்தான் கீது."

"எனக்கு எழுதப் படிக்க வராதே."

"வெள்ளிக்கெழமை யாரும் எழுதக்கூடாதுன்னுதான சட்டம்?"

இப்படித்தான் நான் மாஸ்டர் ஆனேன்.

3

எழுதத் தெரியாதவன் என்ன சொல்லிக் கொடுப்பான்? ஒரு நாடகம் போடலாம் என்றேன். பெண் பார்க்கிற நாடகம். மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், சாப்பிடுவார்கள், குறை சொல்வார்கள், "நாளைக்கு வந்து பதில் சொல்றோம்" என்று போவார்கள். கடைசியில் பெண்ணைக் கேட்பார்கள், அவள் சம்மதிப்பாள், கல்யாணம். நாடகத்தில் சாப்பாடு வருகிறது என்று தெரிந்ததும் பந்து உதைக்கிற பையன்கள் பாதிப் பேர் என் பக்கம் வந்துவிட்டார்கள். நிஜ கேசரி கொண்டுபோவேன்.

கோகிலா பெண். கரும்புக்காரர் மகன் தினேஷ் மாப்பிள்ளைக்கு அப்பா. திரைச்சீலை இழுக்க செமி. செமி ஆற்றுக்கு அந்தப்பக்கத்து ஃபிஜிய கிராமத்துப் பையன். எப்போதும் மூக்கு ஒழுகும். ஒரு வார்த்தை தமிழுக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் காதில் விழுந்தது எல்லாம் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரத்தில் எல்லாருடைய வசனமும் அவனுக்கு மனப்பாடம். நடுவில் நான் இருமினால் அதையும் சேர்த்தே சொல்வான்.

வம்பு வேறு இடத்தில் வந்தது.

"நேத்து வந்து பதில் சொல்றோம்" என்றான் தினேஷ்.

"டேய், நேத்து எப்படிடா வருவ? அதான் போயிடுச்சே!"

"சரி மாமா. நேத்து வந்து பதில் சொல்றோம்."

"போன நாளு பேரு நேத்து. வரப்போற நாளு பேரு இன்னா?"

எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்: "நேத்து!"

"அப்ப நாளைக்கி?"

"அதுவும் நேத்துதான் மாமா. கல்!"

இந்தியில் நேற்றுக்கும் கல், நாளைக்கும் கல். ஒரே வார்த்தை. அந்தப் பிள்ளைகளின் மண்டைக்குள் அந்த இரண்டு நாளும் ஒரே பெட்டியில் கிடந்தன. தமிழில் கைவிட்டுத் துழாவும்போது எது கையில் சிக்குகிறதோ அது வெளியே வரும். எனக்கோ கல் என்றால் மாவாட்டுகிற கல். எத்தனை தடவை சொன்னாலும் திருந்தவில்லை. வீட்டில் கோகிலாவும் அப்படித்தான். "நாளைக்கி சாமிக்கு இன்னா அபிஷேகம் செஞ்சாங்க அப்பா?" என்பாள். "இன்னும் செய்யலடி, நாளைக்கி வந்ததும் சொல்றேன்" என்பேன். அம்மாவும் மகளும் இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டு சிரிப்பார்கள். பாதி புரியாவிட்டாலும் நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டில் மைனாரிட்டியாக இருப்பவனுக்கு அதுதான் மரியாதை.

4

அப்புறம் கூ வந்தது.

துப்பாக்கி வைத்துக்கொண்டு ஆட்சியைப் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் 'கூ' என்றுதான் சொல்கிறார்கள். நான் வந்த புதிதில் முதல் தடவை அது நடந்தபோது, "கூ, கூ" என்று எல்லாரும் முகம் வெளுத்துப் பேசினார்கள். எனக்கு ரயில் ஞாபகம்தான் வந்தது. அதன் பிறகு பிறந்தவள் என்பதால்தான் மகளுக்குக் கோகிலா என்று பேர் வைத்தேன். லட்சுமிக்கு அர்த்தம் புரிந்து என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இரண்டாயிரத்தில் மறுபடி. தலைநகர் சுவாவில் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து, இந்திய வம்சத்துப் பிரதமரையே பிடித்து வைத்துக்கொண்டார்கள். சுவா வேறு தீவு. ஆனால் பயத்துக்குக் கப்பல் டிக்கெட் தேவையில்லை. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மறுபடி திறந்தபோது கமலா டீச்சர் சொன்னார்: "பாடம் கொறஞ்சா கொறயட்டும். வெள்ளிக்கெழமைய விடாத மாமா. இதுங்க இங்க வந்து சிரிக்கட்டும்."

சிரிக்க ஆள் வேண்டுமே. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு வேஷம் காலியாக இருக்கும். யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. சொன்னால் வீட்டுக்கு ஆபத்து, விசாவுக்குக் கண்ணேறு. பந்து உதைப்பதற்கு ஆள் குறைந்தால் கோல் கம்பங்களை நெருக்கி நட்டுக்கொள்ளலாம். நாடகத்தில் என்ன செய்வது? மாப்பிள்ளையின் அம்மா போனாள். அவள் வசனத்தை அத்தைக்குக் கொடுத்தேன். அத்தை போனாள். பெண்ணின் அப்பா சிட்னிக்குப் போனான். அவன் வேஷத்துக்குச் செமியை இழுத்து நிறுத்தினேன். எல்லா வசனமும் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். திரை இழுக்கும் வேலை எனக்கு வந்தது. என் படிப்புக்குத் தகுந்த வேலை.

தினேஷின் அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"இன்னாய்யா இது? காய்வீத்திப் பையன் நம்ம பொண்ணுக்கு அப்பனா?" இந்த மண்ணின் ஃபிஜியர்களை நம்மவர்கள் காய்வீத்தி என்பார்கள். "அவங்க ஆளுங்கதான நம்பள தொரத்துறான்?"

"அண்ணே, அவன் கையில துப்பாக்கி இல்ல. மூக்குதான் ஒழுகுது. நீங்க ஒரு துணி குடுத்தா தொடச்சு விடலாம்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குக் கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்திருந்தது. நிலத்துக்காரர்கள் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தாத்தா காலத்திலிருந்து உழுத மண். "சிரிக்க வைக்கிற வேல ஒன்னுது. செய்" என்று சொல்லி, மகன் தலையைத் தடவிவிட்டுப் போனார். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை தினேஷும் இல்லை. வீட்டுத் தகரத்தைக் கூடக் கழற்றி விற்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

மாப்பிள்ளையாக நடித்த பையனும் அந்த மாதமே கிளம்பினான். பெண் இருக்கிறாள், பெண்ணுக்கு அப்பா இருக்கிறார், மாப்பிள்ளை இல்லை. மிச்சமிருந்த பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"மாப்ள எங்க மாமா?" என்று ஒரு சின்னவள் கேட்டாள்.

"ஆஸ்திரேலியாவுல" என்றேன், கோபத்தில்.

கோகிலா கைதட்டினாள். "அப்டியே வெச்சிக்கலாம் அப்பா! மாப்ள ஆஸ்திரேலியா. இங்க ஒரு நாற்காலி மட்டும் போதும்."

அப்படியே வைத்துக்கொண்டோம்.

5

எங்கள் வீட்டிலும் ஒரு நாற்காலி காலியாக வேண்டிய நேரம் வந்தது. லட்சுமியின் அண்ணன் ஆக்லாந்தில் இருந்தார். அங்கே நர்ஸ்களுக்குத் தட்டுப்பாடு. லட்சுமிக்கு வேலை கிடைத்தது. மூவருக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டோம். போட்டோம் என்றால் அவள் போட்டாள்; நான் கைநாட்டு மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டேன். மூவருக்கும் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு பேருடையது சரி. என்னுடையதில் ஒரு நிழல்.

"எப்பவாச்சும் டிபி இருந்ததா?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார்.

"புகை இருந்தது. எல்லாக் கோவில்லயும்" என்றேன், எனக்கு வந்த இந்தியில்.

நான் சொன்ன புகையை அவர் பீடி என்று எழுதிக்கொண்டார். லட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். ஆறு மாசம் கழித்து மறுபடி படம் எடுத்து, நிழல் வளராமல் இருந்தால் பார்க்கலாம் என்று தீர்ப்பு. நிழல் வளருமா என்று பார்ப்பதற்கு ஓர் அரசாங்கம் காத்திருக்கிறது! எங்கள் ஊரில் சாயங்காலமானால் எல்லாருக்கும் வளரும்.

லட்சுமியின் வேலை ஆறு மாசம் காத்திருக்காது. அவள் போகத்தான் வேண்டும். கோகிலாவைப் பற்றித்தான் பேச்சு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஜோக் அடிக்கவில்லை.

"நான் வர்ற வரைக்கும் பிள்ளைய என்கிட்ட விட்டுட்டுப் போ" என்றேன்.

"அங்க ஸ்கூல் ஜனவரி கடைசில தெறக்குது. நடுவுல சேர்ந்தா தனியா நிப்பா."

"இங்க நான் தனியா நிப்பேனே."

"நீங்க பெரியவர். அவ சின்னவ." கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். "போன வாரம் ராத்திரி டூட்டி முடிஞ்சி வர்றப்ப ரோட்ல துப்பாக்கிக்காரங்க வண்டிய நிறுத்தினாங்க. நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல. ஒண்ணும் பண்ணல, டார்ச் அடிச்சி மூஞ்ச பாத்துட்டு விட்டாங்க. நாளைக்கி இவ பெரியவளாவா. இவ மூஞ்சிலயும் டார்ச் அடிப்பாங்க. நான் விட்டுட்டுப் போகணுமா?"

ஆனாலும் எனக்குப் பிள்ளை வேண்டியிருந்தது. நான் சொன்னதும் நியாயம், அவள் சொன்னதும் நியாயம். இரண்டு நியாயம் இருக்கிற வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம்.

கடைசியில் லட்சுமி சொன்னாள்: "அவளயே கேப்போம். போறேன்னா போகட்டும். இருக்கேன்னா நான் தனியா போறேன். சண்டை வேணாம்."

கோகிலாவைக் கேட்டோம். "ஹம்மே நை மாலும்" என்றாள். எனக்குத் தெரியாது என்று அர்த்தம். நான் தமிழில் கேட்டேன். "தெரியாதுப்பா" என்றாள். இரண்டு மொழியிலும் தெரியாதவளை எந்த மொழியில் கேட்பது? டிக்கெட் போட லட்சுமிக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. பரிசளிப்பு விழா முடியட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றாள் பிள்ளை.

6

பரிசளிப்பு விழாவன்று நல்ல கூட்டம். ஊரைவிட்டுப் போகப்போகிற குடும்பங்கள் எல்லாம் கடைசியாக ஒரு தடவை வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் தமிழ் தெரிந்த பெரிசுகள். மூன்றாவது வரிசையில் லட்சுமி, டூட்டி உடுப்போடு. மேக்கே ஆட்டம் முடிந்தது, தபேலா முடிந்தது. எங்கள் முறை. நான் திரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

செமி வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி வந்தான். அவனைப் பார்த்ததுமே கூட்டம் சிரித்தது. அவன் அசரவில்லை. காலி நாற்காலியைக் காட்டி, "மாப்ள ஆஸ்திரேலியாவுல கீறாரு, உக்காருங்க மாப்ள" என்று அதற்குக் கேசரி கொடுத்தான். பெரிசுகள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒரு கிழவர் மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நாடகத்தின் கடைசிக் கட்டம். அப்பா பெண்ணைக் கேட்க வேண்டும். பெண், "நீங்க சொன்னா சரி அப்பா" என்று சொல்ல வேண்டும். திரை விழ வேண்டும்.

"பொண்ணே, மாப்ள தூர தேசத்துல கீறாரு. நீ போறியா?" என்றான் செமி.

கோகிலா பதில் சொல்லவில்லை. அம்மாவின் பட்டுப்புடவை அவளுக்குப் பெரிசு, தோளில் குவிந்து கிடந்தது. மறந்துவிட்டாள் என்று நினைத்து நான், "நீங்க சொன்னா சரி" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். பிறகு செமியிடம் சொன்னாள்:

"அப்பா வந்தா போறேன்."

இந்த வசனம் நாடகத்தில் இல்லை. மூன்றாவது வரிசையில் லட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். செமிக்கு அர்த்தம் புரிந்ததா இல்லையா, கடவுளுக்குத்தான் தெரியும். 'அப்பா' என்று காதில் விழுந்தது, 'வந்தா' என்று விழுந்தது. அப்பா வேஷம் போட்டவன், பதில் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் ஆயிரம் தடவை கேட்ட 'நேத்து'வை அதோடு ஒட்டி வீசினான்:

"அப்பா நேத்து வருவாரு! நீ போ!"

கூரை இடிகிற மாதிரி சிரிப்பு. பெரிசுகள் நேத்து வருவாரு, நேத்து வருவாரு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தமிழ் தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பழக்கம். கோகிலா முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு அவளாலும் முடியவில்லை, புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள், சரி என்று. லட்சுமி ஒருத்திதான் சிரிக்கவில்லை.

நான் திரையை இழுக்க மறந்துவிட்டேன். கமலா டீச்சர் வந்துதான் இழுத்தார்.

அன்று ராத்திரி யாரும் யாரையும் கேட்கவில்லை. லட்சுமி இரண்டு டிக்கெட்டுக்குச் சொன்னாள்.

7

நிழல் வளரவில்லை. ஆறு மாசம் கழித்து எடுத்த படத்தைப் பார்த்து, பழைய தழும்புதான் என்று சொன்னார்கள். அதற்குள் வேறு காகிதம் காலாவதி ஆகியிருந்தது. அதைப் புதுப்பிப்பதற்குள் இன்னொன்று. பிறகு கும்பாபிஷேகம் வந்தது. பிறகு லட்சுமிக்கு வேலை மாறியது, "இந்த வருஷம் வேணாம், வீடு சின்னது" என்றாள். பிறகு நானே, "இந்த வருஷம் வேணாம்" என்றேன். லட்சுமியும் நானும் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. ஒத்திப்போட்டுப் பிரிந்தவர்கள். இப்போதும் என் பிரஷர் மாத்திரையின் பேரைப் போனில் கேட்டுச் சரிபார்ப்பாள்.

நடுவில் ஒரே ஒரு தடவை, விருந்தாளி விசாவில் ஆக்லாந்துக்குப் போனேன். அவர்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கோகிலா என் தோள் வரை வளர்ந்திருந்தாள். ஏர்போர்ட்டில் நான் கொண்டுபோன ஊறுகாயை அதிகாரி ஒருவர் முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு, இதற்கு என்ன பேர் என்றார். அவள்தான் முன்னால் வந்து இங்கிலீஷில் விளக்கினாள். அவள் பேசிய வேகத்தில் அது ஊறுகாய் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

என்னோடு பேசும்போது ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள். சாப்ட்டியா, தூங்கினியா, குளிருதா. அதைத் தாண்டினால் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள். லட்சுமி மொழிபெயர்ப்பாள். பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் நர்ஸ் வைத்துப் பேசிய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

அங்கேயும் அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் முடிந்த பிறகு பல வேலைகள் உண்டு. கோகிலா மாவோரிப் பாட்டுக்குழுவில் சேர்ந்திருந்தாள். அந்த நாட்டின் பூர்வகுடிகளின் பாட்டு, ஆட்டம். ஒரு சாயங்காலம் மேடையில் ஆடுகிறார்கள், அப்பாவும் வரணும் என்றாள். போனேன். பெரிய அரங்கம், வெதுவெதுப்பாக வைத்திருந்தார்கள். வரிசையாகப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். எல்லாரும் தாடையில் கறுப்புக் கோடு வரைந்துகொண்டு, சிவப்பும் கறுப்புமாக உடுத்தி. என் மகள் எது என்று தெரியவில்லை. லட்சுமிதான் கையை நீட்டிக் காட்டினாள்.

லம்பாசா மேடையில் நான் எடுத்துக் கொடுத்தும் அந்த வசனத்தைச் சொல்லாதவள். இங்கே கண்ணை உருட்டி, காலை ஓங்கி மிதித்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு பாடினாள். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை அவள். யாரும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மா என்னைப் பார்த்து, அந்தப் பெண்ணா உங்கள் மகள், எவ்வளவு நன்றாகப் பாடுகிறாள் என்று ஜாடையில் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். நன்றாகத்தான் பாடினாள். அதுதான் தாங்கவில்லை. அழுதுகொண்டு ஒரு மூலையில் நின்றிருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன், குருக்களே. இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுவது?

ஆட்டம் முடிந்ததும் மேடையிலிருந்து குதித்தாள். நாற்காலிகளுக்கு நடுவில் புகுந்து என்னைப் பார்த்து ஓடி வந்தாள். மூச்சு வாங்குகிறது, தாடையில் மை வழிகிறது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அப்பா, நான் ஒண்ணு சொல்லணும் என்று தமிழில்...

"மாமா, போன்."

"இருய்யா. இத எழுது. தமிழ்ல சொன்னா..."

"ஆக்லாந்து, மாமா. வீடியோ. குழந்தை வந்துட்டா."

கோகிலாவின் மகள். அவளுக்குத் தூங்கப் போகிற நேரம். இரண்டு நிமிஷத்துக்குள் எடுக்காவிட்டால் படுக்க வைத்துவிடுவார்கள், அப்புறம் அடுத்த வாரம்தான். அவளுக்கு என்னிடம் பேசத் தெரிந்தது ஒரே வார்த்தை. இங்கத்து இந்தியில் அம்மாவின் அப்பாவுக்கு நானா என்று பேர். போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு "நானா? நானா?" என்று கத்துவாள். செய்யாற்றுக் காதில் அது எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும்.

நீதான் கண்ணு. நீயேதான். பேனாவ மூடு குருக்களே, போறேன்.